வளரும் பிள்ளைக்கு என்ன நீச்சலுடை?

நீச்சல் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு உடை வாங்கும்போது பெற்றோர் பலர் பள்ளிச் சீருடைக் கணக்கையே போடுகிறார்கள். “வளர்கிற பிள்ளைதானே, ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும்!” தண்ணீரில் அந்தக் கணக்கு செல்லாது. தொளதொளத்த துணிக்குள் தண்ணீர் புகுந்து, பை போல உப்பி, பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும். உடை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் தோளிலும் தொடையிலும் தடம் பதியக் கூடாது. கடையிலேயே இரு கைகளையும் மேலே தூக்கி, குனிந்து நிமிரச் சொல்லுங்கள். தெரிந்துவிடும்.

விலை கூடிய பந்தய உடை தேவையா? 2009இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனைகள் பதிவாயின. பாலியூரித்தேன் என்னும் நெகிழியாலான வேக உடைகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நீந்துவது ஆளா, உடையா என்றே கேள்வி எழுந்தது. அதனால் 2010 ஜனவரி முதல் சர்வதேசப் போட்டிகளில் துணியால் ஆன உடைக்கு மட்டுமே அனுமதி. அமெரிக்க நீச்சல் சங்கமோ, 12 வயது வரையுள்ள பிள்ளைகள் தன் போட்டிகளில் உயர்நுட்பப் பந்தய உடை அணிவதற்கே 2020 செப்டம்பரில் தடை போட்டுவிட்டது. நல்ல முடிவுதான். அந்த வயதில் நேரத்தைக் குறைப்பது பயிற்சியும் வளர்ச்சியும்தானே!

தினசரிப் பயிற்சிக்கு பாலியஸ்டர் உடை போதும். லைக்ரா கலந்தது குளோரினில் சீக்கிரமே தொய்ந்துவிடும். எதுவானாலும், குளத்திலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயப்போடுங்கள்.