ஓலையும் உலாவியும்

நன்னூல் படித்தவர்களுக்கு அதன் முடிவிலே நிற்கும் சூத்திரம் நினைவிலிருக்கும். காலம் மாறும்போது பழையவை சில நீங்குவதும் புதியவை சில வந்து சேர்வதும் குற்றமாகா என்பது அதன் கருத்து. வகுப்பிலே அதனை எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். ஆயினும், நீங்குகின்ற பழையவை எங்கே போகின்றன, அவற்றுக்கு உரியவர்கள் என்ன ஆகிறார்கள் என்னுங் கேள்வி நெடுங்காலம் என் மனத்தில் எழுந்ததில்லை. 2010ஆம் ஆண்டில், உடுப்பிட்டியிலே எங்கள் குறிச்சிச் சனசமூக நிலையத்தில் நடந்த ஒரு சிறு வழக்கு அக்கேள்வியை எனக்குப் படிப்பித்தது.

வழக்குப் பொருள் காணியன்று, வேலியன்று, கோயிலுமன்று. கணினியில் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியைப் பற்றிய வழக்கு அது. இருக்கின்ற பழைய பதிப்பே போதும் என்றது ஒரு கட்சி. புதியது வேண்டும் என்றது மறு கட்சி. மறு கட்சியின் தலைவன் நானே.

யாழ்ப்பாணத்துக்குக் கணினி வந்த வரலாறு மற்றை ஊர்களின் வரலாறு போன்றதன்று. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பின்வந்த ஆண்டுகளில் எங்கள் மாணவர் சாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கிலே படித்தனர்; துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். உலகெங்கும் இணையம் பரவத் தொடங்கிய காலமும் அதுவே. 2002இல் ஏ-9 வீதி திறந்த பின்னரே எம்மிற் பலர் கணினியைக் கண்ணாற் கண்டனர். 2006இல் அவ்வீதி மீண்டும் மூடுண்டது. 2009இற் போர் முடிந்த பின்பு, வெளிநாட்டில் வாழும் ஊரவர் ஒருவர் எங்கள் நிலையத்துக்கு ஒரு கணினியை உபகரித்தார். அதில் இருந்தவை விண்டோஸ் எக்ஸ்பியும், இன்ரநெற் எக்ஸ்புளோறர் ஆறாம் பதிப்பும். இரண்டும் 2001இல் வெளிவந்தவை. எங்களுக்குப் புதிதாய் வந்தது, உலகத்துக்கு அப்போதே பழையது.

அந்தக் கணினியைத் தவறாது நாடி வருபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஊரார் அவரை மாஸ்ரர் என்பார்கள். நானும் அவரிடம் படித்தவன். காலையில் பத்திரிகை பார்ப்பார்; பிறகு கணினியின் முன் அரைமணி நேரம் இருப்பார்; எழும்பிப் போய்விடுவார். என்ன பார்க்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை.

உலாவியை மாற்ற வேண்டும் என்று நிலையக் கூட்டத்தில் நான் சொன்னபோது மறுத்தவர் அவர் ஒருவரே.

“தம்பி, இதிலை என்ன பிழை கண்டனீர்?” என்று கேட்டார்.

“மாஸ்ரர், உது பழசு. பாதுகாப்பில்லை. புதுப் பக்கங்கள் உதிலை வடிவாய்த் தெரியாது” என்றேன்.

“எழுத்துத் தெரியுது. கறையான் அரிக்கேல்லை. பிறகென்ன?”

கூட்டம் சிரித்தது. எனக்கோ கோபம் வந்தது. என் கையில் ஆதாரங்கள் இருந்தன. அவ்வாண்டு சனவரியிற் கூகிள் நிறுவனம் தன் கணினிகள் தாக்கப்பட்டதை வெளிப்படுத்தியது. தாக்கியவர் புகுந்த வழிகளுள் ஒன்று எக்ஸ்புளோறரில் இருந்த ஓட்டை. ஜேர்மனியும் பிரான்சும் அவ்வுலாவியைத் தற்காலிகமாகவேனும் விட்டு வேறொன்றைக் கையாளும்படி தம் மக்களுக்கு ஆலோசனை கூறின. மார்ச்சில் யூரியூப் ஆறாம் பதிப்பைக் கைவிட்டது. இவற்றையெல்லாம் நான் அடுக்கினேன்.

நான் சொல்லாமல் விட்ட மறுபக்கமும் ஒன்று உண்டு. அதே 2010இல் பிரித்தானிய அரசிடம், அலுவலகங்களில் ஆறாம் பதிப்பை நீக்குக என்று ஆறாயிரம் பேருக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அரசு இணங்கவில்லை. அதற்கென ஆக்கிய செயலிகள் பல. அவற்றையெல்லாம் மீளச் சோதிப்பதற்கு ஆகும் செலவு பெரிது என்பது அதன் விடை. இலண்டனில் அமைச்சுக்கள் சொன்னதும் உடுப்பிட்டியில் மாஸ்ரர் சொன்னதும் அடிப்படையில் ஒன்றே. பழையதைப் பற்றி நிற்பவரெல்லாம் சோம்பரும் அறியாதவருமல்லர். பழையதன்மேல் அவர்கள் கட்டிய வீடொன்று இருக்கும். அந்த வீட்டை நான் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், யாரையுங் கேளாமல், பயர்பொக்ஸ் உலாவியை இறக்கி நிறுவினேன். எங்கள் இணைப்பின் வேகத்தில் அந்தச் சிறு கோப்பு வந்து சேர நெடுநேரமாயிற்று. எக்ஸ்புளோறரின் நீலக் குறியைத் திரையிலிருந்து நீக்கிவிட்டு, பெரிய காரியம் செய்தவன்போல வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை மாஸ்ரர் வந்தார். புதிய குறியைக் கண்டு, “நீலத்தைக் கலைச்சுப்போட்டு நரியைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறீர்” என்று சிரித்தார். தாம் வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தைத் திறந்தார். அப்பாற் பேச்சில்லை. நான் எட்டிப் பார்த்தேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் சிதறிக் கிடந்தன. ஒரு தமிழெழுத்துத்தானும் இல்லை.

“தம்பி, உது என்ரை அண்ணர் எழுதினது” என்றார்.

அவருடைய தமையனார் 2004இற் கனடாவிற் காலமானவர். இறக்கும் முன் ஊர் நினைவுகளை ஒரு கொப்பியில் எழுதியிருந்தார்: புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்து இறைத்த விடியற்காலங்கள், கிணற்றுப் பங்குச் சச்சரவுகள், கோயிற் சூரன்போர், எந்த வீட்டுப் படலையில் எந்தப் பூமரம் நின்றது என்பன போன்றவை. அவற்றுட் பல வீடுகள் இப்போது இல்லை. மகன் அதனைத் தட்டச்சுச் செய்து இணையத்தில் இட்டார். பிறகு வீடு மாறியபோது கொப்பி தொலைந்தது. எஞ்சியது அந்தப் பக்கம் ஒன்றே. மாஸ்ரர் நாளுக்குச் சிறிதாக அதனைத் திரும்பத் திரும்பப் படித்து வந்தார். அந்த அரைமணி நேரத்தின் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

நடந்தது இது. அப்பக்கம் பாமினி வழிவந்த எழுத்துரு ஒன்றில் ஆக்கப்பட்டது. தட்டச்சுப் பொறியின் ரெங்கநாதன் விசையமைப்பை ஒட்டிய பாமினி, ஈழத்தவரிடையே மிகப் பரவிய எழுத்துரு. அதில் எழுதும்போது கணினியின் நினைவிற் பதிவது தமிழன்று. ‘தமிழ்’ என்னுஞ் சொல் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதியும். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவைப் போர்த்திக் காட்டும். போர்வை நீங்கினால் உள்ளே இருப்பது ஆங்கிலக் குப்பை. பக்கம் திறக்கும்போதே அப்போர்வையைத் தானே இறக்கிக்கொள்ளும் முறை ஒன்று எக்ஸ்புளோறரில் இருந்தது. அம்முறை அதற்கே உரியது; பயர்பொக்ஸ் அதனை அறியாது.

“பயப்பிடாதேங்கோ, மாஸ்ரர். பழையதை ஒரு நிமிஷத்திலை திருப்பித் தாறன்” என்று சொல்லி, நீலக் குறியை மீண்டும் வைத்தேன். தமிழ் திரும்பி வந்தது. வழக்கு அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மாஸ்ரர் முடிக்கவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“இந்தப் பழசும் ஒருநாள் நிண்டுபோகும். உம்முடைய புதுசும் பிறகு பழசாகும். அப்ப அண்ணர் எங்கை இருப்பார்?”

பதினைந்து நாள் வழக்காடியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. புதிய உலாவி நல்லதா, பழைய உலாவி நல்லதா என்று நான் வாதாடினேன். எழுதியவை எந்த உலாவியையும் நம்பியிராதபடி எப்படிக் காப்பது என்று அவர் கேட்டார்.

அதற்கு விடை இருந்தது. 1991இல் வெளிவந்த யூனிக்கோட் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான எண் உண்டு. அகரத்தின் எண் 2949. ‘தமிழ்’ என்னுஞ் சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்களாகப் பதியும். முன்னையதிலும் ஐந்து குறிகள், இதிலும் ஐந்தே; ஆனால் இவை தமிழுக்கென்றே உரியவை. எழுத்துரு மாறினாலும் உலாவி மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும், தேடினால் அகப்படும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இம்முறையிலேயே வளர்ந்தது. பாமினியில் எழுதியதை யூனிக்கோட்டுக்கு மாற்ற, சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி போன்ற கருவிகளும் இருந்தன.

அன்று பின்னேரமே மாற்றத் தொடங்கினோம். ஒரு நொடியில் முடியும் என்று எண்ணினேன். முடியவில்லை. தமையனார் இடையிடையே ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர்களையும் தெருப்பெயர்களையும் கருவி தமிழென்று கொண்டு பொருளற்ற எழுத்துக்களாக்கிவிட்டது. அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. திரையில் ரகரமும் கால் என்னுங் குறியும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுதலால், மகன் பல இடங்களில் ஒன்றுக்கு மற்றதைத் தட்டியிருந்தார். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த பிழை அது. கருவி கண்ணால் வாசிப்பதில்லை. ஆதலால் சொற்கள் உடைந்து வந்தன.

நான் தலையிற் கைவைத்தேன். மாஸ்ரர் முகம் மலர்ந்தது. “உது ஏட்டுப் பிழை!” என்றார்.

அவர் சொன்னது உண்மை. பழைய ஓலைச்சுவடிகளிற் புள்ளியிடும் வழக்கம் இல்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வடிவ வேற்றுமையும் இல்லை. சொல்லையும் பொருளையும் அறிந்தவனே எது ரகரம், எது கால், எது மெய் என்று துணிய முடியும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றியபோது பட்ட பாடு இதுவே. தொட்டால் உதிரும் ஏடுகளைப் பற்றி அவர் தம் பதிப்புரையில் உருகி எழுதியிருப்பதை மாணவர் அறிவர். எங்கள் உடுப்பிட்டிச் சிவசம்புப் புலவர் வாழ்ந்த காலமும், ஓலையும் அச்சும் ஒருங்கே வழங்கிய காலமே. அக்காலத்தில் அச்சு வந்துவிட்டதென்று ஓலையை எறிந்தவர்களும் இருந்தனர். ஓலை இருக்கிறதென்று அச்சை வெறுத்தவர்களும் இருந்தனர். இருந்து பெயர்த்தெழுதியவர்களாலேயே நூல்கள் நமக்குக் கிடைத்தன.

மூன்று பின்னேரங்கள் இருவரும் இருந்து திருத்தினோம். அவர் வாசிப்பார், நான் தட்டுவேன். சில இடங்களில் நிறுத்தி, “இல்லை, அந்தப் படலையிலை நிண்டது செவ்வரத்தை. அண்ணர் மறந்துபோனார்” என்பார். “திருத்தட்டோ?” என்று கேட்டால், “வேண்டாம். அவர் எழுதினபடி இருக்கட்டும்” என்பார். நல்ல பதிப்பாசிரியனின் ஒழுக்கத்தை நான் கற்றது பல்கலைக்கழகத்திலன்று, அந்த மேசையிலே.

பிறகு எக்ஸ்புளோறருக்கு நேர்ந்ததை யாவரும் அறிவர். ஆறாம் பதிப்பை விட்டுவிடுங்கள் என்று 2011இல் மைக்ரோசொப்ற் நிறுவனமே உலகை வேண்டியது. 2014 ஏப்பிரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றது. 2022 ஜூன் 15இல் எக்ஸ்புளோறரின் கடைசிப் பதிப்புக்கும் ஓய்வு கொடுத்தனர். அதனை நம்பிய எத்தனை தமிழ்ப் பக்கங்கள் அதனோடு வாய் மூடினவோ! தமையனாரின் நினைவுகள் அவற்றுள் ஒன்றாகவில்லை. மாஸ்ரர் இன்று இல்லை. ஆயினும் அவர் திருத்திய பக்கத்தை என் மாணவர் தங்கள் கைத்தொலைபேசியில் வாசிக்கிறார்கள்.

இப்போது வழக்கு என் வீட்டுக்கு வந்திருக்கிறது. என் மேசையிலிருப்பது விண்டோஸ் 7. குரோம் 2023இலேயே அதற்குப் புதிய பதிப்புத் தருவதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10இன் பொதுவான ஆதரவுங்கூட 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. “சேர், இன்னும் உதையோ வைச்சிருக்கிறியள்?” என்று மாணவர் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரி. ஓட்டை விழுந்த கூரையின்கீழ் இருப்பது அறிவன்று. மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுமுன் அவர்களை அருகில் இருத்தி ஒன்று கேட்கிறேன்: “இதற்குள்ளே யார் யார் எழுதியவை இருக்கின்றன? அவை புதியதிலே திறக்குமா?” திறப்பவற்றை ஒருபுறமும் திறவாதவற்றை ஒருபுறமும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்கிறேன். இரண்டாம் பட்டியல் தீரும்வரை பழையது மேசையில் இருக்கும். தீர்ந்த மறுநாளே அதனை எடுத்துவிடலாம்.

நன்னூற் சூத்திரத்தை இப்போதும் படிப்பிக்கிறேன். பழையன நீங்கும், புதியன சேரும், அதிற் குற்றமில்லை. ஆனால் நீக்குகின்ற கைக்கு ஒரு கடமை உண்டென்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.