ஜப்பானில் அணுஉலை விபத்து... முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஏன் அச்சம்?

2011-ம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுவில், சீனாவின் பல நகரங்களில் திடீரென உப்பு கிடைக்காமல் போனது. கடைகளில் மக்கள் முண்டியடித்து, மூட்டை மூட்டையாக அள்ளிச் சென்றார்கள். அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், மார்ச் 11 அன்று, ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவில் நிலநடுக்கம். அடுத்து சுனாமி. அதற்கடுத்து ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து. `அயோடின் கலந்த உப்பைச் சாப்பிட்டால் கதிர்வீச்சு அண்டாது' என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சுதான் இத்தனை ஓட்டத்துக்கும் காரணம். `கடல் கெட்டுவிட்டால் இனி நல்ல உப்பே கிடைக்காது' என்ற இன்னொரு பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது.

உப்பளங்களைச் சுற்றியே பிழைக்கும் தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எளிது. கதிரியக்க அயோடின் உடலில் சேர்வதற்கு முன்பே தைராய்டு சுரப்பியை நல்ல அயோடினால் நிரப்பிவிட வேண்டும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட முறைதான். அதற்காக மருத்துவர்கள் கொடுக்கும் மாத்திரையில் பெரியவர்களுக்குச் சுமார் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கும். நம் வீட்டு அயோடின் உப்பு ஒரு கிலோவில் இருப்பதோ 15 முதல் 30 மில்லிகிராம் வரைதான். ஒரு மாத்திரைக்கு ஈடாக வேண்டுமென்றால், ஒரே வேளையில் மூன்று கிலோவுக்கு மேல் உப்பைத் தின்றாக வேண்டும். கதிர்வீச்சுக்கு முன்னால் உப்பே ஆளை முடித்துவிடும்!

அதே வாரத்தில் ஆசியா முழுக்க ஒரு குறுஞ்செய்தி பறந்தது. பிபிசியின் பெயரைப் போட்டு, `மழை பெய்தால் வெளியே வராதீர்கள், கழுத்தில் பெட்டாடின் தடவிக்கொள்ளுங்கள்' என்றது அந்தச் செய்தி. அப்படி எதையும் தாங்கள் வெளியிடவில்லை என்று பிபிசி மறுத்தது. வாட்ஸ்அப் பரவலாகாத காலத்திலேயே இந்த வேகம்.

இவற்றையெல்லாம் வதந்தி என்று சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆனால், அதே ஆண்டு தமிழகத்தின் தென்கோடியில் எழுந்த அச்சத்தை அப்படி ஒதுக்க முடியாது.

இடிந்தகரை கேட்ட கேள்வி

கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் வரை நீளும் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கூடங்குளமும் இடிந்தகரையும், உவரியும் மணப்பாடும், திரேஸ்புரமும் தூத்துக்குடித் துறைமுகமும் இந்த ஒரே கரையில்தான் வரிசையாக இருக்கின்றன. கூடங்குளத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 80 கிலோமீட்டர். அரசு ஆவணத்தில் ஒன்று திருநெல்வேலி மாவட்டம், மற்றொன்று தூத்துக்குடி மாவட்டம். மீனுக்கும் நீரோட்டத்துக்கும் அந்த எல்லை தெரியாது.

கூடங்குளம் திட்டத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் இருந்தபோது கையெழுத்தானது. செர்னோபில் விபத்து நடந்து இரண்டரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சோவியத் ஒன்றியம் சிதறியதால் கிடப்பில் போடப்பட்டு, 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலை தயாராகி, சோதனை ஓட்டத்தின் பெருஞ்சத்தம் பக்கத்துக் கிராமங்களை எட்டிய அதே 2011-ல், தொலைக்காட்சியில் ஃபுகுஷிமாவின் உலைக் கட்டடங்கள் வெடித்துச் சிதறும் காட்சி ஓடியது. கடற்கரையில் அணுஉலை, கடலிலிருந்து சுனாமி. 2004 டிசம்பர் 26-ஐக் கண்ணால் பார்த்த மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடிந்தகரையில் அப்போது ஒரு சுனாமிக் குடியிருப்பே இருந்தது.

2011 செப்டம்பரில் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பு 127 பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கத்தின் சுப.உதயகுமாரன் இந்தப் போராட்டத்தின் முகமாக அறியப்பட்டார். அந்த மாதம் 22-ம் தேதி, மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்தும்படி மத்திய அரசைக் கேட்டு ஜெயலலிதா அமைச்சரவை தீர்மானம் போட்டது. நவம்பரில் அப்துல் கலாம் நேரில் வந்து உலையைப் பார்த்து, பாதுகாப்பானது என்றார். 2012 மார்ச் 19-ல் அதே அமைச்சரவை பணியைத் தொடரப் பச்சைக்கொடி காட்டியது. செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. அன்றே மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். அடுத்த சில நாள்களில் மக்கள் கடலுக்குள் இறங்கி, கழுத்தளவு நீரில் நின்றார்கள். அதே மாதத்தில் மீனவர்கள் தூத்துக்குடித் துறைமுகத்தைப் படகுகளால் முற்றுகையிட்டார்கள். உலை இருந்தது கூடங்குளத்தில். ஆனாலும் தூத்துக்குடிப் படகுகள் நங்கூரத்தைத் தூக்கின.

அரசு தரப்பு நிபுணர்கள் சொன்ன பதிலில் உண்மை இருக்கிறது. ஃபுகுஷிமாவில் சுனாமி 14 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறியது. அந்த நிலையம் கணித்து வைத்திருந்த உயரம் 5.7 மீட்டர்தான். தண்ணீர் புகுந்து டீசல் ஜெனரேட்டர்கள் நின்றன. குளிரூட்ட வழியின்றி மூன்று உலைகள் உள்ளுக்குள் உருகின. கூடங்குளத்துக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட நிலநடுக்கப் பிளவு கிடையாது. சுனாமியைக் கிளப்பக்கூடிய சுமத்ரா பகுதி ஆயிரம் கிலோமீட்டருக்கு வெகு அப்பால் இருக்கிறது. 2004-ல் இங்கே பதிவான அலை சுமார் 2 மீட்டர்தான். உலைக்கட்டடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 8.7 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மின்சாரம் மொத்தமாக நின்றாலும் காற்றின் ஓட்டத்தாலேயே வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும், உருகிய எரிபொருளைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டியும் இங்கே உண்டு. ஃபுகுஷிமாவில் இவை இல்லை. 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது என்பதும் பதிவானதுதான்.

ஆக, நிபுணர்கள் `உலை வெடிக்காது' என்றார்கள். மீனவர்கள் கேட்டதோ வேறு கேள்வி: `எங்கள் மீனை யார் வாங்குவார்கள்?'

ஒரு கிலோ மீனில் 50

இந்தக் கேள்விக்கான பதில் கூடங்குளத்தில் இல்லை, ஃபுகுஷிமாவின் மீன் சந்தையில் இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு அந்தக் கரையில் மீன்பிடிப்பு நின்றது. கதிரியக்க அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, சில மாதங்களில் இல்லாமல் போய்விடும். சீசியம்-137 அப்படியல்ல, பாதியாகவே 30 ஆண்டுகள் எடுக்கும். அது கடலடி மண்ணில் படிந்து, அங்கே மேயும் மீன்களுக்குள் ஏறும். மேல்மட்டத்தில் திரியும் சாளை, நெத்திலி போன்றவற்றில் சீக்கிரம் குறைந்துவிடும். பாறையோடு பாறையாகக் கிடக்கும் மீன்களில்தான் நாளாகும். ஜப்பான் அரசு வைத்த வரம்பு ஒரு கிலோவுக்கு 100 பெக்கரல். 2012 ஆகஸ்டில் பிடிபட்ட ஒரு பாறைமீனில் இருந்தது 25,800.

பெக்கரல் என்ற சொல்லே பயமுறுத்தும். அதற்காக ஓர் ஒப்பீடு. கடல்நீர் ஒவ்வொரு லிட்டரிலும் இயற்கையான பொட்டாசியம்-40 மட்டுமே சுமார் 12 பெக்கரல் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள மனித உடலுக்குள்ளேயே அதே பொட்டாசியம் 4,000 பெக்கரலுக்கு மேல். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியம், எந்த உலையும் வருவதற்கு முன்பே கதிர்வீசிக்கொண்டிருக்கிறது. கதிரியக்கம் இருக்கிறதா இல்லையா என்பதல்ல, எது, எவ்வளவு என்பதுதான் விஷயம்.

ஃபுகுஷிமா மீனவர் சங்கங்கள் இதைப் புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்தன. 2012 ஜூனில் சில வகைகளை மட்டும் சோதனை முறையில் பிடிக்கத் தொடங்கினார்கள். அரசு வரம்பு 100 என்றால், தங்களுக்குத் தாங்களே 50 என்று வைத்துக்கொண்டார்கள். பிடிபடும் வகைகளிலிருந்து மாதிரி எடுத்து அளப்பது, தாண்டினால் அந்த வகையையே நிறுத்துவது, எண்ணிக்கையை ஊரறிய வெளியிடுவது என்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2020-ல் எல்லா வகை மீன்களுக்குமான தடையும் நீங்கியது. அப்போதும் பிடிப்பு, விபத்துக்கு முந்தைய அளவில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எட்டியிருந்தது. மீன் சுத்தமாகிவிட்டது, பெயர் சுத்தமாகவில்லை. கெட்ட பெயரால் வரும் இந்த நஷ்டத்துக்கென்றே ஜப்பானிய மொழியில் ஒரு தனிச்சொல் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 24-ல் சுத்திகரித்த ஃபுகுஷிமா நீரைக் கடலில் விடத் தொடங்கினார்கள். அதில் மிஞ்சியிருந்த டிரிட்டியம், லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குள் இருக்கும்படி நீர்க்கப்பட்டது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவே 10,000. ஆனாலும் சீனா அன்றே ஜப்பானின் கடல் உணவு முழுவதையும் தடைசெய்தது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே தென்கொரியாவில் மக்கள் கடல் உப்பை வாங்கிக் குவிக்கத் தொடங்கியிருந்தார்கள். மறுபடியும் உப்பு!

அளந்தது யாருக்குத் தெரியும்?

கூடங்குளத்தில் அளக்காமல் இல்லை. உலை ஓடத் தொடங்கும் முன்பே அங்கே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. சுமார் 30 கிலோமீட்டர் சுற்றளவில் மண், நீர், மீன், உணவுப்பொருள் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. பொதுமக்களுக்கு அணுமின் நிலையத்தால் கூடுதலாக ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு போகக் கூடாது என்பது விதி. இயற்கையிலிருந்து நாம் பெறும் உலக சராசரி 2.4. இந்திய அணுமின் நிலையங்களைச் சுற்றி இந்த வரம்பு தாண்டப்படவில்லை என்றே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஆண்டறிக்கைகள் சொல்கின்றன.

அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அளந்தவர்களும் அணுசக்தித் துறையைச் சேர்ந்தவர்களே. எண் சரியாகவே இருக்கலாம். ஆனால், விடியற்காலையில் சீலாவையும் விளமீனையும் ஏலத்துக்குக் கொண்டுவரும் ஒருவர், வியாபாரி `இது எந்தப் பக்கத்து மீன்?' என்று கேட்கும்போது, அந்த அறிக்கையை எடுத்து நீட்ட முடியாது.

இந்தக் கரைக்கு இது புதிய சங்கதியும் அல்ல. பழைய நாளில் அரசு முத்துக்குளிப்பு நடத்தும்போது, முதலில் பார்களில் மாதிரிச் சிப்பி எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்துக்கு வல்லுநர்களை வைத்து விலை மதித்து, அந்த மதிப்பை அறிவித்த பிறகுதான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். வெளியூர் வியாபாரி அந்த எண்ணைப் பார்த்துத்தான் கிளம்பி வருவார். அந்த முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது.

இன்னொரு பாடமும் ஃபுகுஷிமாவில் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. அங்கே கதிர்வீச்சால் ஏற்பட்டதென ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்ட மரணம் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு நிலையத் தொழிலாளி. ஆனால், அவசர வெளியேற்றத்தின் அலைச்சலாலும் முகாம் வாழ்க்கையாலும் அந்த மாகாணத்தில் இறந்தவர்கள் 2,300-க்கும் மேல். பெரும்பாலும் முதியவர்கள், நோயாளிகள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பேருந்தில் ஏற்றப்பட்டு வழியிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு.

ஆகவே, ஒத்திகை என்பது சடங்கு அல்ல. கூடங்குளத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்டப் பகுதி. 2012 ஜூனில் நக்கநேரி கிராமத்தில் ஒத்திகை நடந்தது. ஒரே ஒரு கிராமம், அதுவும் கடலை ஒட்டிய ஊர் அல்ல. ஆள்கள் பாதிப் பேர் கடலில் இருக்கும் நேரத்தில் சங்கு ஊதினால் இடிந்தகரையில் என்ன நடக்கும் என்பதை அந்த ஒத்திகை சொல்லாது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை அனுமதித்தபோதும் 15 கட்டளைகளைச் சேர்த்தே அனுமதித்தது. தொடர்ந்து ஒத்திகை நடத்துவதும், போராடியவர்கள் மீதான வழக்குகளை வாபஸ் பெற முயற்சி எடுப்பதும் அவற்றில் அடக்கம்.

தூத்துக்குடிக்கு வேறொரு நினைவும் இருக்கிறது. 2018 மே 22. அந்த நாளின் துப்பாக்கிச்சூட்டுக்கு முன்பும் பல ஆண்டுகள் இந்த ஊரில் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றி இரண்டு தரப்பு எண்கள் மோதிக்கொண்டிருந்தன. `எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது' என்ற வாக்கியம் இங்கே எளிதில் செல்லுபடியாகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலையிலும், இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. 3 முதல் 6 வரையிலான உலைகளுக்கும் வேலை தொடங்கியாகிவிட்டது. எல்லாம் முடிந்தால் ஒரே வளாகத்தில் 6,000 மெகாவாட். ஆறு உலைகளுக்கும் குளிர்ச்சி தரப்போவது இதே கடல்தான். 30 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருக்கும் மணப்பாட்டிலும் திரேஸ்புரத்திலும் கரையேறும் மீனை மாதாமாதம் அளந்து, எண்ணை ஏலக்கூடத்துப் பலகையில் தமிழில் எழுதிப்போட ஓர் ஆய்வுக்கருவியும் இரண்டு பணியாளர்களும் போதும். ஃபுகுஷிமா மீனவர்கள் அதை விபத்துக்குப் பிறகுதான் தொடங்கினார்கள்.