ஜாதகம் பார்த்து வாங்கும் கார்

ஒருவர் பல ஆண்டுகள் தன் சேகரிப்பில் வைத்திருந்த ஜாகுவார் ஈ-டைப் ரோட்ஸ்டர் விலைக்கு வருகிறது என்றால், விவரம் தெரிந்தவர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார். பெரும்பாலான கார்களில் என்ஜினுக்கு மேலுள்ள தகடு மட்டும்தான் எழும்பும். ஈ-டைப்பில் முன் மட்கார்டுகள், ஹெட்லைட்டுகள், காற்று நுழையும் வாய் எல்லாமே ஒரே துண்டு. காரின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். ஆரம்பகால வண்டிகளில் உள்ளே நீளவாக்கில் ஆறு சிலிண்டர் என்ஜின். ஒருபுறம் வரிசையாக மூன்று எஸ்.யு. கார்புரேட்டர்கள், மறுபுறம் புகைக் குழாய்கள். ஒரு மெக்கானிக் சுற்றி நின்று எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ரோட்ஸ்டர் என்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடும் வேகக் கார். அந்த வகையில் ஈ-டைப்புக்குக் கிடைத்த வரவேற்பு அபூர்வமானது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானபோது, ஓட்டிப் பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டுபோன வண்டி போதவில்லை. இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரில் இருந்த சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸுக்குத் தகவல் போனது: இன்னொன்றை உடனே கொண்டு வா. அவர் 77 ஆர்.டபிள்யூ. என்ற எண்ணுள்ள பச்சை ரோட்ஸ்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, இரவு முழுக்க ஓட்டி, மறுநாள் காலை ஜெனீவா போய்ச் சேர்ந்தார்.

கூட்டம் கூடியதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர் வேகம் போகும் என்று நிறுவனம் சொன்ன அந்த ரோட்ஸ்டரின் விலை பிரிட்டனில் வரி உட்பட 2,097 பவுண்டுதான். ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 வாங்க அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பணம் வேண்டியிருந்தது.

வடிவத்தை வகுத்த மால்கம் சேயர், போர்க்காலத்தில் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கண்ணுக்கு அழகாகத் தோன்றும்படி கோடு போடுவது அவர் வழக்கமில்லை. லாகரிதம் அட்டவணையை வைத்துக்கொண்டு, வளைவின் ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். 1955, 56, 57 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற டி-டைப் காரும் அவர் கணக்கில் பிறந்ததுதான். காற்றைக் கிழிக்கப் போட்ட கணக்கு கலையாகவும் ஆனது: 1996-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு ஈ-டைப் ரோட்ஸ்டரைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

என்ஜினுக்கு இன்னும் பழைய கதை. இரண்டாம் உலகப் போரில், குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்காக ஜாகுவார் பொறியாளர்கள் இரவில் தொழிற்சாலையில் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அந்த நேரத்தில் வில்லியம் ஹெய்ன்ஸும் சகாக்களும் பேசிப் பேசி உருவாக்கியதே எக்ஸ்கே என்ஜின். 1948-இல் வெளிவந்த அது 1992 வரை தயாரிப்பில் இருந்தது.

1961 முதல் 1974 வரை 72,000-க்கும் மேற்பட்ட ஈ-டைப்புகள் தயாராயின. சேகரிப்பாளர்கள் தேடுவது பெரும்பாலும் சீரிஸ் 1. ஹெட்லைட்டின் மேல் கண்ணாடி மூடி இருந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். தொடக்கத்தில் என்ஜின் 3.8 லிட்டர், 1964 இறுதியில் 4.2. ஓட்டி மகிழ வாங்குகிறவருக்கு 4.2 தான் நல்லது. அதன் கியர்பாக்ஸில் முதல் கியரும் முரண்டு பிடிக்காமல் விழும், இருக்கையும் வசதியானது.

இனி ஜாதகம். ஒவ்வொரு ஈ-டைப்புக்கும் சேஸிஸ், என்ஜின், பாடி, கியர்பாக்ஸ் என நான்கு எண்கள். கட்டணம் செலுத்தினால் ஜாகுவாரின் பாரம்பரிய அறக்கட்டளை, தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, அந்த வண்டி எந்த எண்களோடு, எந்த நிறத்தில், எந்த ஊர் விற்பனையாளருக்குப் போனது என்று சான்றிதழ் தரும். 3.8 லிட்டர் ரோட்ஸ்டரில் 850001 என்று தொடங்கும் வரிசை வலப்பக்க ஸ்டியரிங். 875001 வரிசை இடப்பக்க ஸ்டியரிங். 875 எண்ணுள்ள காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால், பின்னாளில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது குற்றமில்லை, மறைத்து விற்பதுதான் குற்றம்.

எண்கள் பொருந்தினாலும் உடம்பைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. லாரிக்கு இருப்பதுபோல் ஈ-டைப்புக்கு அடியில் தனிச் சேஸிஸ் கிடையாது. நடுப்பகுதி இரும்புத் தகட்டால் ஆன தொட்டி. அதன் முன்னால் போல்ட் போட்டு மாட்டிய குழாய்ச் சட்டம்தான் என்ஜினைத் தாங்குகிறது. அந்தக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் புதிதாகவே இருக்கும். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் பலமெல்லாம் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியிலும் தரையிலும் இருக்கிறது. அங்கே துணி சுற்றிய சின்னக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அந்த இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறது. காரை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினாலும் விலகிவிடுவதே நல்லது.

சேகரிப்பில் இருந்த கார் என்றால் பத்திரமாக இருந்திருக்கும் என்று நினைப்போம். வீட்டுக்குள் நின்ற வண்டிக்கு மழை படாது, உண்மைதான். ஆனால் ஓடாமல் நின்றதால் வரும் கேடு வேறு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் சீல்கள் காயும். கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் பிசினாகும். டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும். பக்கவாட்டில் அச்சடித்த நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும். ஆண்டுக்குச் சில நூறு மைலாவது ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது உள்ள வண்டி, பளபளவென்று நின்றுகொண்டே இருந்த வண்டியைவிட மேல்.

பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானெட்டைத் திறந்து என்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அதன் பிறகு சாவியைத் திருப்புங்கள். நன்றாகச் சூடேறிய பின் 3,000 சுற்றில் ஆயில் அழுத்த முள் 40 அருகில் நிற்க வேண்டும்.