ஓர் எழுத்தின் இடைவெளி

பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணி, பெரணமல்லூர் வட்டாரத்தில், ரசீதிலோ பெயர்ப் பலகையிலோ ஆங்கிலத்தில் ‘டையிங்’ என்று எழுத நேருகிறவர்கள் சற்று நிதானிப்பது நல்லது. ஏனெனில், சாயம் தோய்ப்பதைக் குறிக்கும் அச்சொல்லில் ‘ஒய்’ எழுத்தையடுத்து நிற்கும் ‘ஈ’ விடுபட்டுப் போனால், அது மரணத் தறுவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. சாயத்துக்கு டி-ஒய்-ஈ, சாவுக்கு டி-ஐ-ஈ. உச்சரிப்பில் அணுவளவும் பேதமில்லை.

பட்டறையில் நடக்கும் காரியமோ மரணத்துக்கு நேர் விரோதமானது. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் கச்சாப் பட்டை இட்டு, அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்காகிய ஸெரிஸின் என்னும் பசையைக் கரைத்து நீக்கிய பின்னரே நூலுக்கு அந்தப் பளபளப்பு உண்டாகிறது. அதன் பின், ஆவி எழும் சாயத் தொட்டியில், கழியில் மாட்டிய நூல் சிட்டங்களை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கை சற்று ஓய்ந்தாலும் நிறம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிடும். இத்தனை சிரமமான தொழிலின் பெயர் பிழையாக எழுதப்படுவது மனத்துக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆயினும், எழுதுகிறவர்கள் இதில் தடுமாறினால் கோபிப்பதற்கில்லை. 1755-இல் அகராதி வெளியிட்ட மகாபண்டிதர் சாமுவேல் ஜான்சனே இரு சொற்களையும் ‘ஐ’ இட்டு ஒன்றுபோல எழுதினார். அவருக்கு முற்பட்ட ஆங்கிலக் கட்டுரையாசிரியர் அடிஸனோ இரண்டுக்கும் ‘ஒய்’ இட்டார். இன்றைய வேறுபாடு அதற்குப் பின்னரே நிலைபெற்றது.