வழிவிட்டு நிற்கும் வண்டி

நம் தென்னாட்டில் இருப்புப்பாதை முதன்முதலாக மனிதரை ஏற்றிச் செல்வதற்கென்று இடப்பட்டதன்று. 1837-ஆம் ஆண்டில், சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்கான கல்லைக் கொண்டுவரவே தண்டவாளம் அமைத்தார்கள். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 1856 ஜூலை முதல் நாளில்தான். கல் ஏறிப் பத்தொன்பது ஆண்டுகள் சென்ற பிறகே மக்கள் ஏறினார்கள்! ஆயினும் இன்று இரயில் என்றதும் நம் நினைவுக்கு வருவது பயணிகள் வண்டியே. சரக்கு வண்டியை யார் நினைக்கிறார்கள்? லெவல் கிராசிங்கில் கதவடைத்து நிற்கும்போது, "இன்னும் எத்தனை பெட்டியோ!" என்று சலித்துக்கொள்வதோடு சரி.

அந்தச் சரக்கு வண்டியைப் பார்ப்பதற்கென்றே, விடுமுறை நாளொன்றில் நம் பங்குச் சிறுவர் சிலரை அழைத்துக்கொண்டு ஜோலார்பேட்டைச் சந்திப்புக்குச் சென்றோம். ஏலகிரி மலையின் அடிவாரத்தில், சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய மூன்று திசைகளின் பாதைகளும் கூடுமிடம் அது. நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரத்திற்கே செல்லும். ஆதலால் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் சீட்டு வாங்கி, நடைமேடையை விட்டு இறங்காமல் நின்று பார்த்தோம்.

எழுத்தும் எண்ணும்

சிறுவர் கையில் ஆளுக்கொரு குறிப்பேடு. எஞ்சின் நெற்றியிலுள்ள எழுத்துகளைப் படிக்க முதலில் கற்றுக்கொண்டார்கள். 'டபிள்யூ' என்றால் அகலப் பாதை. 'ஏ' என்றால் மாறுமின்னோட்டம். 'ஜி' என்றால் சரக்கு. 'டபிள்யூ.ஏ.ஜி.-9' என்ற எஞ்சினுக்கு ஆறாயிரம் குதிரைத்திறனுக்கு மேல் ஆற்றல் உண்டு. ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் மேலும் பதினோர் இலக்கங்கள் கொண்ட எண் இருக்கிறது. அதில் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் அப்பெட்டி செய்யப்பட்ட ஆண்டைக் காட்டும். தன்னிலும் வயது மூத்த பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்த சிறுவனுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மூடிய பெட்டிகளில் அரிசி, உரம், சிமெண்டு. திறந்த பெட்டிகளில் நிலக்கரி. உருளைத் தொட்டிகளில் எண்ணெய். நம் வீட்டு அடுப்பும் விளக்கும் இவற்றை நம்பியே இருக்கின்றன என்பது மெல்ல விளங்கியது.

முற்பகலில் நிலக்கரி வண்டி ஒன்று வந்து பக்கப் பாதையில் ஒதுங்கி நின்றது. எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குப் போவது இவ்வழியேதான். ஐம்பத்தெட்டுப் பெட்டிகள், நீளம் ஏறத்தாழ 650 மீட்டர், சுமை மூவாயிரம் டன்னுக்கு மேல். ஒரு விரைவு வண்டி கடந்தது. பிறகு மற்றொன்று, அதன் பின்னும் ஒன்று. நிலக்கரி வண்டியோ அசையவில்லை. "இவ்வளவு பெரிய வண்டி ஏன் சின்ன வண்டிகளுக்கெல்லாம் வழிவிட வேண்டும்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். பயணிகள் வண்டிக்கு நேர அட்டவணை உண்டு. சரக்கு வண்டிக்குப் பெரும்பாலும் இல்லை. பாதை ஒழிந்தபோதுதான் அது போகலாம். கடைசியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இணைப்புக் கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும் ஓசை முன்னிருந்து பின்வரை ஓடிற்று, வண்டி நகர்ந்தது.

கடைசிப் பெட்டியின் மனிதர்

வண்டியின் வாலில் சிறியதொரு பெட்டி. அதில் தன்னந்தனியாக ஒருவர், பச்சைக் கொடியை நீட்டியபடி நின்றார். இவரைக் 'கார்டு' என்றே அறிந்திருந்தோம். 2022 முதல் 'இரயில் மேலாளர்' என்பது பதவியின் பெயர். நிலைய ஊழியரும் எதிரே பச்சைக் கொடி காட்டினார். இது வெறும் மரியாதை அன்று. ஓடும் வண்டியில் அச்சு சூடேறிப் புகைகிறதா, ஏதேனும் தொங்கி இழுபடுகிறதா என்று பார்த்து, "குறையில்லை" என ஒருவருக்கொருவர் அறிவிக்கும் முறை அது.

கடைசிப் பெட்டியின் பின்புறம் 'எல்.வி.' என்று ஒரு பலகை தொங்கும். இரவில் அங்கே சிவப்பு விளக்கு மின்னும். கடைசிப் பெட்டி இதுவே என்பதற்கான அடையாளம் அது. அதைக் காணவில்லையென்றால் வண்டி நடுவே அறுந்து, சில பெட்டிகள் பின்னே பாதையில் நிற்கின்றன என்று ஐயுற வேண்டும். அடுத்த வண்டியை அனுப்பலாகாது. பல இடங்களில் இன்று அச்சுகளை எண்ணும் கருவி இவ்வேலையைச் செய்கிறது. எனினும் முன்னே செல்லும் பெட்டிகள் எத்தனை இருந்தாலும், கடைசிப் பெட்டி வந்து சேர்ந்தால்தான் வண்டி வந்ததாகக் கணக்கு. இதைக் கேட்ட பிள்ளைகள் அதன் பிறகு எஞ்சினை விட்டுவிட்டு வாலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நாம் தவித்த நாள்களில்

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மாநகர் நீரின்றித் தவித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள், இதே ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டிப் பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் காவிரி நீர் வில்லிவாக்கம் சென்று சேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றபோதும் சரக்கு வண்டிகள் நிற்கவில்லை. நம் பானையில் அரிசி இருந்தது. 2021-இல் மூச்சுக்காகத் தவித்தோருக்கு ஆக்சிஜன் சுமந்து ஓடியவையும் அவையே.

மறைந்திருந்து உழைப்போரைத் திருச்சபை மறந்ததில்லை. 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 2020 டிசம்பரில் சூசையப்பரைக் குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய திருமடலில், கொள்ளைநோய்க் காலத்தில் நம்மைத் தாங்கிய எளியோரை நினைவுகூர்கிறார். மருத்துவர், செவிலியர், கடைக்காரர், துப்புரவுப் பணியாளரோடு போக்குவரத்துத் தொழிலாளரையும் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். சூசையப்பர் பேசிய ஒரு சொல்லேனும் நற்செய்தி நூல்களில் இல்லை. ஆயினும் திருக்குடும்பத்தின் அன்றாட அப்பம் அவர் கைகளின் வழியே வந்தது.

நம் பங்குகளிலும் இரயில்வே குடும்பங்கள் உண்டு. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் அவ்வீட்டுத் தாயும் பிள்ளைகளும் மட்டும் வந்திருப்பார்கள். தந்தை எங்கோ ஒரு பக்கப் பாதையில் சைகை விளக்குக்காகக் காத்திருப்பார். அவருக்காக அன்று நாம் செபித்திருக்கிறோமா? அக்குடும்பத்தின் வாசலில் நின்று நலம் கேட்டிருக்கிறோமா?

பெற்றோரே, இனி கேட்டு மூடியிருக்கும்போது சலித்துக்கொள்ள வேண்டாம். பெட்டிகளை எண்ணப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அவை யார் வீட்டுக்கு என்ன கொண்டுபோகின்றன என்று கேளுங்கள். கடைசிப் பெட்டி கடக்கும்போது அதில் நிற்பவருக்குக் கையசைக்கச் சொல்லுங்கள். அன்றிரவு செபமாலையில் அவருக்காக ஓர் அருள் நிறை மந்திரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.