சின்னப் புல்லி போட்டால் காருக்கு வேகம் கூடுமா?

உதிரிப்பாகக் கடையிலோ கைபேசி வீடியோவிலோ இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கலாம்: "எஞ்சினில் இருக்கிற பெரிய புல்லியைக் கழற்றிவிட்டுச் சின்னது ஒன்றைப் பூட்டுங்க. இழுவை கூடும், பெற்றோலும் மிச்சம்." இந்தச் சாமானுக்கு அண்டர்டிரைவ் புல்லி என்று பெயர். அக்கரைப்பற்றில் இருந்து கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் ஓடிவரும் சாதாரணக் காருக்கு இது தேவையா?

தேவையில்லை என்பதே சுருக்கமான பதில். ஏன் தேவையில்லை, யாருக்கு மட்டும் பொருந்தும், ஏற்கெனவே பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புல்லி என்பது எது?

பொனட்டைத் திறந்து எஞ்சினின் ஓரத்தை எட்டிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் பெல்ட் ஒன்று பல சக்கரங்களைச் சுற்றி ஓடும். அந்தச் சக்கரங்கள்தான் புல்லிகள். ஆக அடியில் இருப்பது கிராங்க் புல்லி (எஞ்சினின் பிரதான தண்டோடு சேர்ந்து சுற்றும் சக்கரம்). மற்றவற்றை எல்லாம் சுழற்றுவது அதுதான்.

அந்த மற்றவை எவை? டைனமோ (ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் ஊட்டுவது), ஏசி கம்பிரஸர் (ஏசி வாயுவை அழுத்தித் தள்ளுவது), பல கார்களில் வாட்டர் பம்ப் (எஞ்சினுக்குள் தண்ணீரை ஓட்டிச் சூட்டைத் தணிப்பது), பழைய கார்களில் பவர் ஸ்டியரிங் பம்ப்.

கிராங்க் புல்லியைச் சின்னதாக்கினால் என்ன ஆகும்?

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பக்கத்துச் சக்கரத்தைச் சின்னதாக மாற்றினால் பம்ப் மெதுவாகச் சுற்றும். எஞ்சினுக்குப் பாரம் குறையும், வாய்க்காலில் விழும் தண்ணீரும் குறையும். காரிலும் இதேதான் நடக்கிறது. எஞ்சினுக்கு உள்ளே புதிதாக ஒரு சக்தியும் பிறப்பதில்லை. டைனமோ, ஏசி, பம்ப் ஆகியவற்றின் ஓட்டத்தைக் குறைத்து அவற்றுக்குப் போகும் சக்தியில் ஒரு பங்கை வண்டியின் சக்கரங்களுக்குத் திருப்புகிறோம்.

முதலில், உங்கள் காரில் அந்த பெல்ட் இருக்கிறதா?

இதைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். டொயோட்டா அக்குவா, 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ், அக்ஸியோ ஹைபிரிட் ஆகியவற்றில் இந்த பெல்ட்டே கிடையாது. ஏசி, வாட்டர் பம்ப், ஸ்டியரிங் எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இத்தோடு முடிந்தது.

வேகன் ஆர் எஃப்இசட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வண்டியில் பெல்ட்டோடு ஓடுவது வெறும் டைனமோ அல்ல, ஐஎஸ்ஜி (மின்சாரமும் தரும், எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட்டும் செய்யும் மோட்டார்). சந்தியில் தானாக நின்ற எஞ்சினை அதே பெல்ட் வழியாகத்தான் அது சுழற்றி எழுப்புகிறது. கிராங்க் புல்லி சின்னதானால் ஐஎஸ்ஜி கொடுக்கும் தள்ளு விசை குறையும், திரும்ப ஏறும் மின்சாரமும் குறையும். ஹைபிரிட் என்று காசு கொடுத்து வாங்கிய வசதியை நாமே கெடுத்துக்கொண்டது போலாகும்.

சரி, பெல்ட் உள்ள காரில் சக்தி கூடுமா?

கூடும். ஆனால் எப்போது, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டைனமோவை எடுத்துக்கொள்வோம். ஹெட்லைட், ஏசி விசிறி, ரேடியேட்டர் விசிறி, பெற்றோல் பம்ப் எல்லாம் சேர்ந்து 50 அம்பியர் இழுக்கின்றன என்று வையுங்கள். 14 வோல்ட்டில் அது 700 வாட். மின்சாரமாக மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் எஞ்சினிடம் இருந்து ஏறக்குறைய ஒன்றரைக் குதிரைவலு போகிறது. புல்லியைச் சின்னதாக்கினால் இது மிச்சமா? இல்லை. விளக்கு எரியத் தேவையான மின்சாரம் வந்துதான் ஆக வேண்டும். டைனமோ மெதுவாகச் சுற்றினாலும் அந்த வேலையை எஞ்சின்தான் செய்தாக வேண்டும். உராய்விலும் டைனமோவின் உள் விசிறியிலும் வீணாகிற சிறு பங்குதான் குறையும்.

வாட்டர் பம்ப் விஷயம் வேறு. அதன் வேகத்தை 20 வீதம் குறைத்தால் அது இழுக்கும் சக்தி பாதியளவுக்கு இறங்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னக் கார் ஒன்றின் பம்ப் நடுத்தர வேகத்தில் இழுப்பதே கொஞ்சம். பாதியாக்கினாலும் கையில் மிஞ்சுவது சொற்பம். எஞ்சின் உச்சச் சுற்றில் கத்தும்போதுதான் அந்த மிச்சம் பெரிதாகத் தெரியும்.

அந்த உச்சச் சுற்றுக்கு நீங்கள் எப்போது போகிறீர்கள்? 660 சிசி ஜப்பான் கார் ஒன்று தன் முழுக் குதிரைவலுவைத் தருவது நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்குக் குறையாத வேகத்தில். நம் பிரதான வீதியோ ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊருக்குள் ஊராகப் போகிறது. ஊருக்குள் கார்களுக்குச் சட்டப்படி 50 கிலோமீற்றர், வெளியே 70. ஆடு, மாடு, ஓட்டோ, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் தாண்டி 2,000, 2,500 சுற்றிலேயே நம் ஓட்டம் முடிந்துவிடும். அங்கே இந்தப் புல்லி தரும் லாபத்தைக் கால் உணராது.

பெற்றோல் மிச்சமாகாதா?

2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. அதன் பிறகு கியூஆர் அட்டையைக் காட்டிக் கிழமைக் கணக்கில் எண்ணெய் அடித்தோம். அந்தப் பயத்தில் எண்ணெய் மிச்சமாகும் என்று யார் எதைச் சொன்னாலும் மனம் சாய்வது இயல்பு. 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இருக்கிற பழைய வண்டியையே தேற்றி ஓட வேண்டிய காலமாக அது இருந்தது.

ஆனால் மேலே சொன்ன கணக்கு இங்கும் பொருந்தும். மெதுவான ஓட்டத்தில் மிச்சமாகும் சக்தி சொற்பம் என்றால் மிச்சமாகும் எண்ணெயும் சொற்பம். ஏசி போதிய குளிர் தரவில்லை என்று நீங்கள் அதைக் கூட்டிவைத்தால் அந்தச் சொற்பமும் போய்விடும்.

நட்டம் எங்கே வரும்?

நின்ற இடத்திலும் ஊர்ந்து போகும்போதும் வரும். நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் இரவு கல்முனைக் கடைத்தெருவில் மாட்டிக்கொண்ட காரை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 800 சுற்றில் முணுமுணுக்கிறது. ஹெட்லைட் எரிகிறது, ஏசி ஓடுகிறது, ரேடியேட்டர் விசிறி விட்டுவிட்டு எழும்புகிறது. சாதாரணமாக டைனமோ இரண்டரை மடங்கு வேகத்தில், அதாவது 2,000 சுற்றில் ஓடும். 20 வீதம் சின்னப் புல்லி போட்டால் அது 1,600க்கு இறங்கும். டைனமோ அதிகம் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் அதன் பலம் குறைகிறது. பற்றாத மின்சாரத்தைப் பற்றரி கொடுக்கும். இப்படியே பல நாள் ஓடினால் ஒரு காலை வண்டி ஸ்டார்ட் ஆகாது. பற்றரி பழுது என்று நினைத்துப் புதியது வாங்குவீர்கள், அதுவும் சீக்கிரம் போகும்.

ஏசியும் அப்படித்தான். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் கம்பிரஸர் மெதுவாக ஓடினால், வண்டி நிற்கும்போது உள்ளே புழுக்கம்தான்.

வாட்டர் பம்ப் இந்த பெல்ட்டில் ஓடினால் தண்ணீர் ஓட்டமும் குறையும். புது ரேடியேட்டர் உள்ள வண்டி தாங்கலாம். பத்துப் பதினைந்து வருட ரேடியேட்டரில் பாதிக் குழாய்கள் உப்புப் படிந்து அடைபட்டிருந்தால் சூட்டு முள் மேலே ஏறும். ஹெட் கஸ்கட் (எஞ்சினின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவில் உள்ள தகடு) எரிந்தால் செலவு புல்லி விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப் உள்ளே டைமிங் பெல்ட்டில் ஓடும். அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை. உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டீசல் வான் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் டைனமோவின் பின்புறத்திலேயே வேக்குவம் பம்ப் (காற்றை உறிஞ்சி பிரேக் மிதியை இலகுவாக்கும் கருவி) பூட்டியிருக்கும். டைனமோ மெதுவானால் அதுவும் மெதுவாகும். அடுத்தடுத்து பிரேக் மிதிக்கும்போது மிதி கல்லாகலாம். பிரேக்கோடு விளையாட வேண்டாம்.

புல்லிக்குள் ரப்பர் எதற்கு?

பலரும் கவனிக்காத விஷயம் இது. கம்பனி கிராங்க் புல்லியை முன்னால் இருந்து பாருங்கள். நடுவில் ஒரு இரும்புக் குடம், வெளியே ஒரு இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே விரல் தடிப்புக்கும் குறைவான கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று தெரிந்தால் அது வெறும் சக்கரம் அல்ல, டேம்பர் (அதிர்வைத் தாங்கும் சாதனம்).

எஞ்சினில் ஒவ்வொரு முறை பெற்றோல் வெடிக்கும்போதும் கிராங்க் தண்டு மயிரிழை அளவு முறுகி மீள்கிறது. குறிப்பிட்ட சில வேகங்களில் இந்த முறுக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பெரிதாகும். அந்த ரப்பர் அதை விழுங்கிவிடுகிறது. கடையில் விற்கும் பளபளக்கும் அலுமினியப் புல்லியில் பெரும்பாலும் ரப்பர் இருக்காது. "கனம் குறைவு" என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதற்குக் காரணமும் அதுதான். பூட்டிய அன்று ஒன்றும் தெரியாது. பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு பெயரிங் தேய்ந்து, தண்டு வெடித்தால், விற்றவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

எல்லா எஞ்சினிலும் ரப்பர் இருக்கிறதா? இல்லை. சில சின்ன எஞ்சின்களில் கம்பனியே முழு இரும்புப் புல்லிதான் போடுகிறது. அங்கே இந்த ஆட்சேபம் எழாது, மேலே சொன்ன மற்றவை அப்படியே இருக்கும்.

கடலோர ஊர் என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. அலுமினியம் மென்மையானது. பெல்ட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே புகும் கடற்கரை மணல் அதை இரும்பைவிட வேகமாகத் தேய்க்கும். உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்புத் தண்டும் ஒட்டியிருக்கும் இடம் அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு கழற்றுவதே பெரிய பாடு.

அப்படியென்றால் இதை ஏன் செய்கிறார்கள்?

கார்ப் பந்தயத்துக்காக. கட்டுகுருந்த, தியத்தலாவை பொக்ஸ் ஹில் போன்ற பந்தயத் தடங்களில் ஓடும் கார் பந்தயம் முடியும்வரை உச்சச் சுற்றிலேயே கத்தும். அந்த வேகத்தில் வாட்டர் பம்ப் தேவைக்கு மேல் சுற்றித் தண்ணீரில் குமிழி கிளப்பும், பெல்ட் கழன்று தெறிக்கும். அங்கே பம்பை மெதுவாக்குவது நியாயம். ஏசி இல்லை, சந்தியில் காத்து நிற்பதில்லை, எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்க்க ஆளும் இருக்கிறது. நம் குடும்பக் காருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.

அந்தக் காசில் வேறு என்ன செய்யலாம்?

டயர்க் காற்றைச் சரியாக வையுங்கள். மணல் படிந்த எயார் ஃபில்டரையும் வயதான பிளக்குகளையும் மாற்றுங்கள். வண்டியைத் தள்ளிப் பார்த்து, பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஏசி கண்டென்ஸரில் (முன்னால் இருக்கும் சூடு வெளியேற்றும் வலை) ஒட்டிய உப்பையும் தூசியையும் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். புல்லி தருவதாகச் சொல்லும் இழுவையும் மிச்சமும் இவற்றில் உண்மையாகவே கிடைக்கும்.

ஏற்கெனவே பூட்டிவிட்டேன். என்ன செய்வது?

பதறத் தேவையில்லை. மல்டிமீற்றர் (மின் அளவு பார்க்கும் கருவி) ஒன்று இருந்தால் போதும். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி, விசிறி எல்லாவற்றையும் போட்டுப் பற்றரி முனைகளில் அளவு பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை நின்றால் மின்சாரம் பற்றுகிறது. 13க்குக் கீழே இறங்கினால் பற்றரி கரைந்துகொண்டிருக்கிறது.

பெல்ட்டையும் பாருங்கள். அதன் முதுகில் 4பிகே1000 என்பது போல எழுதியிருக்கும். நான்கு வரிப் பள்ளம், ஆயிரம் மில்லிமீற்றர் நீளம் என்று பொருள். சின்னப் புல்லிக்கு நீளம் குறைந்த பெல்ட் வேண்டும். பழையதையே இழுத்துக் கட்டியிருந்தால் வழுக்கிக் கீச்சிடும்.

இவை சரியாக இருந்தாலும், பழைய புல்லியில் ரப்பர் இருந்தது என்றால் அதையே திரும்பப் பூட்டுங்கள். எறிந்துவிட்டீர்கள் என்றால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கழற்றிய சாமான் கிடைக்கும். வாங்கும்போது ரப்பர் வெடித்திருக்கிறதா, வெளியே பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய பிறகு நடுக் குடத்தில் இருந்து வெளி வளையம்வரை சோக்கால் நேர்கோடு ஒன்று கீறி, சில நாள் ஓடிவிட்டுத் திரும்பப் பாருங்கள். கோடு முறிந்து விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது. அந்தப் புல்லியை வைத்திருக்காமல் வேறு ஒன்று தேடுங்கள்.