கைதி காத்த காடு

ஆடித் திருவிழாக் காலத்தில் ஒருமுறை, உகந்தை முருகனை வணங்கி, அடியார் கூட்டத்தோடு கதிர்காமம் நோக்கி நடந்தேன். கும்புக்கன் ஆற்றைக் கடந்து யால வனத்துள் புகுந்தோம். இரவு தீ மூட்டிப் படுத்திருக்கையில் தொலைவில் யானையொன்று பிளிறிற்று.

“இது முருகன் காடு, சாமி, பயப்படாமல் கண்ணயருங்கள்” என்றார் அருகிருந்த முதியவர்.

முருகனுக்கு அடுத்தபடியாக இக்காட்டைக் காத்தவர் யாவர்? விடை விசித்திரமானது: கொன்றவர்களே காக்கவும் முன்வந்தனர். 1845 இல் இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறுவர். இத்தகைய அழிவைக் கண்டு அஞ்சிய வேட்டைப் பிரியரே 1894 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். 1900 இல் யால காப்பிடமாயிற்று. ஆயினும் அதன் அயலில் வேட்டையாடுவோர்க்கென்றே ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. கருணையோடு நாளைய வேட்டை பற்றிய கவலையும் கலந்திருந்தது போலும்!

அக்காட்டின் முதற் காவலர் எங்கல்பிரெக்ட், தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்டு இலங்கைக்குக் கொணரப்பட்ட போயர் கைதி. பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் தாயகம் திரும்ப இயலாதவரானார். நாடிழந்த அவரிடமே காடு ஒப்படைக்கப்பட்டது. முதலாம் உலகப் போரின்போது, எம்டன் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்னும் வதந்தியால் அவர் மீண்டும் சிறை புகுந்தார். அது பொய்யென்பது பின்னரே தெளிவாயிற்று. 1922 இல் இத்தீவிலேயே கண்மூடினார்.

பின்னர், அந்நாளைய விவசாய, காணி அமைச்சர் டீ. எஸ். சேனநாயக்காவின் முயற்சியாற் பிறந்த சட்டத்தின் கீழ், 1938 இல் யால தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கு துப்பாக்கிக்கு இடமில்லை. ஆனால் சிறுத்தையொன்று தலைகாட்டினாற் போதும், ஜீப் வண்டிகள் முண்டியடித்துச் சூழ்ந்துகொள்கின்றன. வேட்டை ஒழிந்ததா, உருமாறியதா?

பிறரைக் குறைகூறுதல் எளிது. மறுநாள் விடியலில், நாங்கள் படுத்திருந்த மணற்பரப்பெங்கும் வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல்கள் கிடந்தன. முதியவர் ஒரு சொல்லும் பேசாது அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் இட்டார். அவற்றுள் ஒன்று என்னுடையது.

சட்டம் எல்லையை வகுக்கும். அவ்வெல்லைக்குள் குனிந்து பொறுக்கும் கைகளை அது தந்துவிடாது. நானும் குனிந்தேன்.